பருப்பு வெந்த தண்ணீர்

தெருக்காரர்களே, நம் அடிபம்புக்கு நீலப் பெயிண்ட் அடித்துப் படம் எடுத்துப் போனில் அனுப்பியிருக்கிறீர்கள். பார்த்தேன். பம்புக்குக் கீழே கிரானைட் கல் பதித்து, இந்தத் தண்ணீரை நமக்குக் கொண்டு வந்தவர் என்று என் அப்பாவின் பெயரைத் தங்க எழுத்தில் வெட்டியிருக்கிறீர்கள். அதையும் பார்த்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் வந்து ரிப்பன் வெட்ட வேண்டுமாம். அந்தக் காலத்தில் செய்தது போலவே பம்புத் தண்ணீரில் பருப்பு வேகவைத்துப் பந்தி போடுவீர்களாம். அதற்கு முன்னால் முதல் டம்ளர் தண்ணீர் பேரப் பிள்ளைகளுக்காம். காவிரிக் குழாயில் வாரம் ஒரு தடவைகூட ஒழுங்காக வராததால் இனிமேல் குடிக்கவும் இதுதான் என்று எழுதியிருக்கிறீர்கள்.

கீழே ஆளாளுக்குக் கை கூப்பிய பொம்மை போட்டிருக்கிறீர்கள். நான் ஒன்றும் போடவில்லை. எனக்குக் கோபம். ஒரு வரியில் சொல்லி முடிக்கிற விஷயமாக இருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். அதனால் நீளமாக எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. பிடிக்காவிட்டாலும் கடைசிவரை படியுங்கள்.

நமக்கெல்லாம் அப்போது பத்து வயதுக்கு முன்னே பின்னே. உப்புக் கிணறு யாருக்கும் மறந்திருக்காது. பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், அடியில் கிடக்கும் காசுகூடத் தெரியும். வாயில் வைத்தால் நாக்கு சுருங்கும். அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. தேய்க்கத் தேய்க்கத் திரிந்த பால் மாதிரி துணியில் ஒட்டிக்கொள்ளும். தலை குளித்தால் முடி தேங்காய் நாராக நிற்கும். வெந்நீர் போடுகிற குண்டாவுக்குள் சுண்ணாம்பு பூசினாற்போல வெள்ளை ஏடு படிந்திருக்கும். அம்மா கரண்டிக் காம்பால் தட்டுவாள். முட்டை ஓடு போலச் சில்லுச் சில்லாக விழும். நாம் அதைப் பொறுக்கிக் கல்லில் எழுதி விளையாடியிருக்கிறோம்.

அதைவிடப் பெரிய பிரச்சினை பருப்பு. மத்தியானச் சோற்றுக்குக் காலையில் பல் விளக்கும் முன்னாலேயே பருப்பை அடுப்பில் ஏற்ற வேண்டும். சோடா உப்பு போட்டுப் பார்ப்பார்கள், விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பார்கள். விறகுதான் தீரும். பருப்பு முழித்துக்கொண்டு கிடக்கும். என் சித்தி வேலூர் காவிரிக் கரையிலிருந்து சித்தப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த புதிதில், பருப்பு வேகவைக்கத் தெரியாத பெண் என்று அவளை எல்லாரும் பேசினார்கள். அவள் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுவாள். அவளைப் பார்க்க வருகிற அவள் அப்பா பலகாரத்தோடு ஒரு தகர டின்னில் ஆற்றுத் தண்ணீரும் தூக்கிக்கொண்டு வருவார். சித்தி அதை ஒளித்து வைத்துக் குடிப்பாள்.

ஒரு நாள் சித்தியின் அண்ணன் விருந்துக்கு வந்திருந்தார். இலையில் பருப்பு விழுந்ததும் ஒரு வாய் தின்றுவிட்டு என் அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"ஏனுங்க மச்சான், ஆட்டையாம்பட்டி முறுக்குகூட மெத்துனு இருக்குதுங்க. இது பல்லோட சண்டைக்கு வருதே."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், ஆனால் காது மடல் சிவந்துவிட்டது.

"அடுத்த தடவை வாங்க மாப்பிள்ளை. உங்க ஆத்துத் தண்ணிய உப்புன்னு உங்க வாயாலயே சொல்ல வெக்கிறனா இல்லையா பாருங்க."

நம் தெருவுக்குப் போர்வெல் வந்தது இந்த வீறாப்பில்தான். நீங்கள் ஏதோ பெரிய சேவை என்று நினைக்கிறீர்கள். என் அப்பா நல்லவர், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பந்தியில் பட்ட அவமானத்துக்காகத்தான் அவர் பஞ்சாயத்து ஆபீசுக்கு நடையாய் நடந்தார். மேல் தெருக்காரர்களும் போர்வெல் கேட்டு நடந்தார்கள். அப்பா முந்திக்கொண்டார்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டி நல்ல சித்திரை வெயிலில் வந்து நின்றது. நாம் யாரும் அன்றைக்குச் சோறு தின்னப் போகவில்லை. கம்ப்ரசர் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. வாயசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டோம். குழிக்குள்ளிருந்து கல் மாவு வெள்ளையாகப் பீய்ச்சி அடித்தது. தலை, புருவம், இமை எல்லாம் வெளுத்து, எல்லாரும் ஒரே நாளில் கிழடாகிவிட்டது போல நின்றோம். ஒருவரை ஒருவர் பார்த்துத் தாத்தா, ஆத்தா என்று கூப்பிட்டுச் சிரித்தோம்.

பைப் இறங்க இறங்க முதலில் ஒரு தண்ணீர் வந்தது. ரிக் டிரைவர் இயந்திரத்தை நிறுத்தினார்.

"ஏனுங்க, தண்ணி வந்துருச்சுங்க. இதோட முடிச்சுக்கலாமுங்களா?"

அப்பா கையில் ஏந்தி வாயில் வைத்தார். தூ என்று துப்பினார்.

"இது நம்ம கெணத்துத் தண்ணிங்க. இதுக்கு எதுக்கு ரிக்கு வண்டி? எறக்குங்க கீழ."

"கீழ பாறைங்க. பாறைக்குள்ள போய்த்தான் பாக்கோணும்."

"போங்க. நல்ல தண்ணி வர்ற வரைக்கும் போங்க."

தெருவே கை தட்டியது. நாமும் தட்டினோம். பெரியவர்கள் தட்டுகிறார்களே என்று தட்டினோம். பாறைக்குள் போனார்கள். சாயங்காலத்துக்கு மேல் இரண்டாவது தண்ணீர் வந்தது. அப்பா குடித்தார். இன்னொரு கை பிடித்துக் குடித்தார். பிறகு எல்லாருக்கும் கையில் ஊற்றினார். சித்தி குடித்துவிட்டு வாயைத் துடைக்கவே இல்லை.

"எங்கூட்டுத் தண்ணி மாதிரியே இருக்குதுங்க," என்றாள். இன்னொரு தடவை கை நீட்டினாள்.

பம்பு மாட்டிய அன்று பருப்புப் போட்டி. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை திரும்பச் செய்யப் போகிறீர்களே, அதுதான். நம் பக்கத்தில் ஒரு தண்ணீர் நல்லதா கெட்டதா என்று பார்க்க வேறு வழி யாருக்கும் தெரியாது. பருப்பு வெந்தால் நல்ல தண்ணீர். வேகாவிட்டால் கெட்ட தண்ணீர். அவ்வளவுதான். பம்படியிலேயே கல் கூட்டி இரண்டு அடுப்பு வைத்தார்கள். ஒன்றில் உப்புக் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் புதுத் தண்ணீர். ஒரே மூட்டையிலிருந்து அளந்து போட்ட துவரம் பருப்பு. புதுத் தண்ணீர்ப் பானை பொங்கி, மஞ்சள் நுரை தள்ளி, கொஞ்ச நேரத்தில் மணம் தெருக்கோடி வரைக்கும் போனது. சித்தி கரண்டியை விட்டுத் தூக்கினாள். பருப்பு கூழாக வழிந்தது. பக்கத்துப் பானையில் தட்டினால் கடகடவென்று சத்தம். அந்த வேகாத பருப்பை ஒரு தட்டில் போட்டு, கேலிக்குச் சித்தியின் அண்ணனுக்கு என்று தனியாக எடுத்து வைத்தார் அப்பா. அன்றைக்குத் தின்ற பருப்புச் சோற்றின் ருசி இந்த வயதிலும் எனக்கு மறக்கவில்லை. மறந்தால் தேவலை.

அன்றோடு உப்புக் கிணற்றைக் கெட்ட தண்ணீர் என்று முடிவு கட்டினார்கள். பம்புத் தண்ணீர் நல்ல தண்ணீர். கெட்டதை யார் குடிப்பது, நல்லதை யார் குடிப்பது? அங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது.

பம்பு அப்போது நிறையக் கொடுக்காது. அடித்து அடித்துத் தோள்பட்டை விட்டுப் போகும். குடத்துக்குக் குடம் வரிசை. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரே முறை வைத்திருந்தார்கள். பம்புத் தண்ணீர் கைக்குழந்தைகளுக்கும் சின்னதுகளுக்கும். நம் வயதுக்காரர்களுக்கு உப்புத் தண்ணீர். உங்கள் வீட்டிலும் அப்படித்தான், இல்லை என்று யாராவது சொல்லுங்கள் பார்க்கலாம்.

என் தங்கச்சிக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. அவளுக்கென்று தனியாக ஒரு சின்னப் பித்தளைக் குடம் ஒதுக்கினாள் அம்மா. கழுத்தில் ஒரு நசுங்கல் இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு விடிகாலையில் வரிசையில் நின்று, கொண்டு வந்து, துணியில் வடிகட்டி, காய்ச்சி ஆற வைப்பது என் வேலை. அதில்தான் ராகிக் கூழ். அதில்தான் பருப்புத் தண்ணீர். வெயில் காலத்தில் அவள் அழும்போதெல்லாம் சங்கில் ஊற்றிப் புகட்டுவேன். மடக் மடக்கென்று குடிப்பாள். குடித்துவிட்டு என் விரலைப் பிடித்துக்கொள்வாள்.

எனக்குப் பொறாமை. தண்ணீர் தூக்குவது நான், குடிப்பது அவளா?

"எனக்கும் ஒரு டம்ளர் குடும்மா."

"இது பாப்பாவுக்கு. நீ வளந்த கழுதை, உனக்குக் கெணத்துத் தண்ணியே போதும்."

ஒரு நாள் திருட்டுத்தனமாக அந்தக் குடத்தைச் சாய்த்துக் குடித்தேன். அம்மா முதுகில் வைத்தாள் ஒன்று.

"கொழந்தை வாயில போறதப் புடுங்கித் திங்கறயே, நீயெல்லாம் ஒரு அக்காளா?"

அழுதுகொண்டே போய் உப்புத் தண்ணீர் குடித்தேன். என் பல்லைக் காப்பாற்றிய தண்ணீர் அது என்று அப்போது எனக்குத் தெரியாது. அடித்த அம்மாவுக்கும் தெரியாது. எங்கள் வயதுக்குப் பல் ஏற்கெனவே உள்ளே உருவாகி முடிந்திருக்கும், அதனால்தான் தப்பித்தோம் என்று பின்னால் ஒரு பல் டாக்டர் சொன்னார். எப்படியோ, நான் தப்பித்தேன். நீங்களும் தப்பித்தீர்கள்.

தங்கச்சிக்குப் பால் பல் விழுந்து நிலைப் பல் முளைத்தபோது அதில் சுண்ணாம்புக் கோடு மாதிரி வெள்ளைத் திட்டுகள் இருந்தன. அப்புறம் அது மஞ்சளானது. அப்புறம் டீத்தூள் ஊறின நிறம். ஓரங்கள் பூச்சி அரித்தது போல உதிர்ந்தன. அவள் வயதுப் பிள்ளைகள் நம் தெருவில் எல்லாருக்கும் அப்படித்தான். எல்லாருக்கும் இருந்ததால் இது என்னவென்று ஒருவரும் கேட்கவில்லை. பல் தேய்க்கச் சோம்பேறி என்றார்கள். கமர்கட்டு தின்கிறாள் என்றார்கள். வயிற்றில் இருக்கும்போது அம்மா சாம்பல் தின்றாளோ என்றுகூடக் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வரிசையில் நிற்க வைத்துப் பல்லைக் காட்டச் சொல்வாராம். காவிப் பல்லாக இருந்தால் செங்கல் பொடியைக் கையில் கொடுத்துப் பம்படிக்கு அனுப்புவாராம். தேய்த்துவிட்டு வாய் கொப்பளிப்பதும் அதே தண்ணீரில்தான்.

வீட்டில் அம்மா தேய்ப்பாள். நான் தாடையைப் பிடித்துக்கொள்வேன். ஈறில் ரத்தம் வரும். கறை போகாது.

"அக்கா, உனக்கு மட்டும் எப்படி வெள்ளையா இருக்குது?"

"நான் ஒழுங்காத் தேய்க்கறேன். நீயும் தேயி."

இப்படித்தான் சொன்னேன். அதை நம்பினேன் என்பதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

அவளுக்கு எட்டு வயது இருக்கும்போது தண்ணீர் பரிசோதிக்க ஆட்கள் வந்தார்கள். அதில் ஒரு பெண். நம் பம்பிலிருந்து சின்ன பாட்டிலில் பிடித்து, மருந்து சொட்டு விட்டு, நிறம் மாறுவதைப் பார்த்தாள். வேடிக்கை பார்த்த பிள்ளைகளின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள்.

"இந்தத் தண்ணியக் கொழந்தைங்களுக்குக் குடுக்காதீங்க," என்றாள்.

அப்பா சிரித்தார். "அம்மிணி, நீங்க இன்னிக்கு வந்தவிய. இந்தத் தண்ணியில பருப்பு வேகுதுங்க. சோப்பு நொரைக்குதுங்க. அப்பறம் இதுல என்னங்க கெடுதி?"

"பருப்பு வேகறது வேறங்க. இதுல ஃபுளோரைடு எச்சா இருக்குது. அது ருசியில தெரியாது. அதுக்கு உங்க பழைய கெணத்துத் தண்ணியே பரவாயில்லைங்க."

உப்புக் கிணறு பரவாயில்லை என்றதும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. "அப்போ நீங்களே ரெண்டு கொடம் கொண்டு போங்க அம்மிணி, ஊட்டுல பருப்பு வேக வெச்சுப் பாருங்க" என்று யாரோ கத்தினார்கள். நானும் சிரித்தேன். அவள் பெயிண்ட் டப்பாவைத் திறந்தாள். பம்பின் மேல் சிவப்புப் பெயிண்டில் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மேல் தெருக்காரர்கள் சொல்லிக் கொடுத்துத்தான் வந்திருக்கிறாள் என்று நம் தெருவில் முடிவு செய்தார்கள். சிவப்புக் குறியைப் பார்த்தால் மேல் தெரு சிரிக்கும். மறுநாள் காலையில் அப்பா மோட்டார் ரூம் கதவுக்கு வாங்கி மிச்சமிருந்த பச்சைப் பெயிண்டை எடுத்து வந்து பம்பு முழுக்க அடித்தார். டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். அடித்து முடித்ததும் கைப்பிடிக்குக் கீழே கொஞ்சம் சிவப்புத் தெரிந்தது.

"இங்கொரு எடம் தெரியுதுங்கப்பா."

அப்பா குனிந்து அதையும் மூடினார்.

தெரு முழுக்கச் சுற்றி நின்றது. நீங்களும் இருந்தீர்கள். யார் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது, எழுதவில்லை. சந்தேகமிருந்தால் உங்கள் நீலப் பெயிண்டைச் சுரண்டிப் பாருங்கள். அடியில் பச்சை இருக்கும். இன்னும் சுரண்டுங்கள்.

அடுத்த தை மாதம் எனக்குக் கல்யாணமாகி டவுனில் அஸ்தம்பட்டிக்கு வந்துவிட்டேன். குழாயைத் திறந்தால் மேட்டூர்த் தண்ணீர். தங்கச்சி அங்கேயே இருந்தாள். ஊரில் காவிரிக் குழாய் வந்தபோது அவளுக்குப் பல் முளைக்கிற வயசு கடந்துவிட்டது. பம்பை அடிக்க ஆள் இல்லாமல் அது துருப்பிடித்தது. சின்னப் பித்தளைக் குடத்தை அம்மா பாத்திரக்காரனிடம் போட்டுப் பிளாஸ்டிக் குடம் வாங்கினாள். சங்கு எங்கே போனதென்று தெரியவில்லை. எல்லாரும் எல்லாவற்றையும் மறந்துவிட்டார்கள்.

அவள் பேசும்போது சேலைத் தலைப்பு வாய்க்குப் போய்விடும். சிரித்தால் கை போகும். பெண் பார்க்க வந்தவர்கள், பொண்ணு தலையே நிமிரல, என்ன அடக்கம் என்று பாராட்டுவார்கள். அம்மா பூரிப்பாள். அப்புறம் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அவளைத் தனியாக உள்ளே அழைத்துப் போய் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பார்கள். பிறகு தகவல் வராது. அடுத்த முறை அம்மா என்னை வரவழைத்து முன்னால் உட்கார வைத்தாள். அக்காளைப் பாருங்க, அதே ஜாடைதானுங்க என்றாள். நான் அவர்களைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தேன். அதற்குத்தான் அம்மா கூப்பிட்டாள். கடைசியில் சரி என்று சொன்ன மாப்பிள்ளைக்கும் அதே காவிப் பல். அவர் ஊரிலும் பாறைத் தண்ணீர். கல்யாணப் படத்தில் இரண்டு பேரும் வாயை இறுக்கிக்கொண்டு, ஏதோ சாவுக்கு வந்தவர்கள் மாதிரி நிற்கிறார்கள். நல்ல மனுஷர். அவளை நன்றாக வைத்திருக்கிறார். அதற்காக எனக்கு மனசு ஆறவில்லை.

இப்போது நீங்கள் அனுப்பிய படத்துக்கு வருகிறேன். பம்பைச் சுற்றி நின்று எடுத்திருக்கிறீர்கள். நான் அதைப் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். நம் வயதுக்காரர்கள் நடுவில் நின்று வாய் நிறையச் சிரிக்கிறீர்கள். ஓரத்தில் நிற்பவர்கள் நம் தம்பி தங்கச்சிகள். ஒருத்தருக்காவது பல் தெரிகிறதா பாருங்கள். ஒருவன் மீசையைத் தடவுகிற மாதிரி கையை வைத்திருக்கிறான். ஒருத்தி துண்டை வைத்திருக்கிறாள். கால்மாட்டில் பேரப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றுக்கு முன்பல் விழுந்து ஓட்டையாக இருக்கிறது.

நேற்று தங்கச்சி என் வீட்டுக்கு வந்தாள். போனை நீட்டிக் காட்டினேன்.

"அப்பா பேரைக் கல்லுல வெட்டியிருக்கறாங்களா? நல்லாத்தான இருக்குது. போயி ரிப்பன வெட்டிப் போட்டு வா."

"உனக்குக் கோவமே வரலியா அம்மிணி?"

"அப்பா வெசமுன்னு தெரிஞ்சா குடுத்தாரு? ஆசையாக் குடுத்தாரு. அதும் அவரா ஊத்துனாரு, நீதான ஊத்துன." சொல்லிவிட்டுக் கையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். என்னால் அந்த இடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்து போய் அடுப்படியில் நின்றேன்.

அவளே பின்னால் வந்தாள். "பையன்கூடச் சொல்றான், பல்லுக்கெல்லாம் உறை மாட்டிக்கலாமுன்னு. நாந்தான் வேண்டாமுன்னுட்டேன். இத்தன வருசமா இந்தக் கைக்கு ஒரு சோலி இருக்குது, அதைக் கெடுப்பானேன்?"

மறுபடியும் கை வாய்க்குப் போனது. நான் மிச்சத்தைப் படித்துக் காட்டினேன். பருப்புப் பந்தியைச் சொன்னேன், சிரித்தாள். முதல் டம்ளர் பேரப் பிள்ளைகளுக்கு என்று எழுதியிருப்பதை வாசித்தேன்.

சிரிப்பு நின்றது. கை கீழே இறங்கியது.

"ஆருக்கு?"

"பேரப் பிள்ளைங்களுக்காமா. இனிமேல் குடிக்கறதுக்கும் அதேதானாம்."

"அவியளுக்குப் புத்தி கெட்டுப் போச்சா? அத்தனூண்டு கொழந்தைங்க! பல்லு விழுந்து மொளைக்கற வயசு!"

தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். வாயை மூடவில்லை. அவள் பல்லை முழுசாக நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது. கீழ் வரிசையில் பாதி இல்லை. இருந்ததெல்லாம் கருத்து, ஓரம் தேய்ந்து கிடந்தது. நான் தலையைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தேன். திருப்பவில்லை.

"ஞாயித்துக்கெழமை நானும் வாரேன்," என்றாள். "பம்புகிட்ட நின்னு அந்தக் கொழந்தைங்களப் பாத்துச் சிரிக்கறேன். அதுக்கப்பறம் டம்ளர நீட்டறவிய நீட்டட்டும்."

அதனால் வருகிறோம். ரிப்பன் வேண்டாம். அதற்குள் ஒரு பாட்டில் தண்ணீரைப் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். முடிவு வரும்வரை யாரும் அதைக் குடிக்கக் கூடாது, பிள்ளைகள் பக்கத்திலேயே போகக் கூடாது. அப்பா பெயர் போட்ட கல்லை எடுக்கச் சொல்லவில்லை. அவர் செய்ததுதான், அவர் பெயரிலேயே இருக்கட்டும்.

எங்கள் இரண்டு பேருக்கும் நாற்காலி போடுங்கள். தங்கச்சிக்கு நடுவில் போடுங்கள். படம் எடுக்கும்போது அவளை ஓரத்துக்குத் தள்ளாதீர்கள்.